மாப்பிள்ளையிடம் அனுப்பிய ஆட்டக்காரன்

எனக்கு நாற்றம் என்றால் ஆகாது ஐயா. வாலிபால் மாஸ்டருக்கு அது பெரிய தொல்லை. உடைமாற்றும் அறைக்குள் போனாலே குடலைப் பிடுங்கும். அங்கே, ஒரு மாதமாகத் துவைக்காத சாக்ஸ் குவியலுக்குப் பக்கத்தில் எங்கள் நெட்டையன் சாவகாசமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"நாத்தம் வரலயாடா?"

"எந்த நாத்தம் மாஸ்டர்?"

எனக்கு விளங்கிவிட்டது.

தொற்றுக் காலத்தில் கல்லூரி விளையாட்டை மறுபடி தொடங்கியதே ஒரு கூத்து. முகக்கவசத்தோடு குதிக்கச் சொன்னார்கள். பந்தைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். வலைக்கு முன்னால் தோளோடு தோள் உரசித் தடுக்க வேண்டியவர்களை ஆறடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இறுதிப் போட்டிக்கு முன் பரிசோதனை, ஒருவனுக்குத் தொற்று இருந்தாலும் அந்த அணி வெளியே என்ற விதிக்கும்தான்.

ஆக, நெட்டையனால் நாங்கள் வெளியே. அது போகட்டும். எதிரணி ஆடாமலே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும். அவர்களுடைய மாஸ்டர் என் தங்கை புருஷன். வருஷா வருஷம் ஜெயித்துவிட்டு, என் வீட்டு சோபாவிலேயே கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "மச்சான், நீங்க பேசாம செஸ் சொல்லிக்குடுங்க" என்பார்.

அடுத்தவன் ஆட்டக்காரனைக் கொத்திக்கொண்டு போவதில் மாப்பிள்ளை கெட்டிக்காரர். நெட்டையனிடம், "அவர் காலேஜ்ல உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. நான் அனுப்பினேன்னு சொல்லாதே, போய்ப் பேசிப் பாரு" என்றேன். அவன் கண்கலங்கிவிட்டான். "உங்களுக்குப் பெரிய மனசு மாஸ்டர்."

மாப்பிள்ளை ஜன்னல் சாத்திய ஏசி அறையில் அவனை உட்காரவைத்து, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, மத்தியானம் முழுக்கக் குழையக் குழையப் பேசினாராம். நான் யார் முகக்கவசத்தையும் கழற்றவில்லை, அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பரிசோதனையில் இரண்டு அணியும் காலி. போட்டி ரத்து. நெட்டையன் தேறிவிட்டான். மாப்பிள்ளை தேறவில்லை.

அவருக்கு ஆஸ்துமா என்று தெரியுமா எனக் கேட்கிறீர்கள். தெரியும். "அவருக்கு வந்தா தாங்காதுண்ணா" என்று தங்கை போனில் அழுதாள். அதற்கு மறுநாள்தான் நெட்டையனை அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளை கடைசியாக என்னைத்தான் கூப்பிட்டார். மூச்சு வாங்க வாங்க, "எந்திரிச்சதும்... ஒரு மேட்ச் வச்சுக்கலாம் மச்சான்... விடமாட்டேன் உங்களை" என்றார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. விளையாட்டு என்று வந்துவிட்டால் தோல்வியை ஏற்றுக்கொள்ளும் பக்குவம் வேண்டும். பாவம், அவருக்குக் கடைசிவரை அது வரவேயில்லை.