கோட்டுக்குச் சொன்ன நற்செய்தி

இந்த அறுப்பின் பண்டிகைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, என்னைப் போன்ற ஒருவனை மைக்குக்குப் பக்கத்தில் விடத் துணிந்த எங்கள் அருமைப் போதகர் தர்ஷன் ஐயா அவர்களே. கொட்டகலையிலிருந்து மழையில் நனைந்து, வழியில் அட்டைகளுக்கு இரத்த தானம் செய்து, இந்த மேமலைத் தோட்டத்துக் கீழ் டிவிசனுக்கு ஏறி வந்திருக்கும் சிவராசா மாஸ்டர் அவர்களே. முன்வரிசையில் வீற்றிருக்கும் மூப்பர்களே. பின்வரிசையில் இருந்தால் தூங்கலாம் என்று அறிந்த, அவர்களைவிட மூத்த மூப்பர்களே. கொழுந்தெடுத்துக் கை கறுத்தாலும் கொண்ட அன்பு கறுக்காத தாய்மார்களே. உள்ளே வருவதா வெளியே நிற்பதா என்று இன்னும் முடிவெடுக்காமல் வாசலை அடைத்துக்கொண்டிருக்கும் வாலிபச் சிங்கங்களே. உங்கள் எல்லாருக்கும் ஏசடியானாகிய நான் இரு கரம் குவித்துத் தோத்திரம் சொல்லுகிறேன்.

போதகர் ஐயா எனக்குக் கொடுத்த தலைப்பு, "நற்செய்தி சொல்ல நான் தகுதியானவனா?" என்பது. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி சாராள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இல்லன்னு சொல்லிட்டு ஒக்காந்துருங்க. எல்லாரும் நேரத்தோட வீட்டுக்குப் போகலாம்."

சிரிக்கிறீர்கள். அவள் சிரிக்காமல்தான் சொன்னாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நாற்பத்தொரு வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்து, தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்திய கை இது, பேனா பிடித்ததில்லை. இந்தத் தமிழ் எங்கே படித்தீங்க தாத்தா என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறது. படிக்கவில்லை தம்பி. தொழிற்சங்க மேடைக்கெல்லாம் கம்பு நட்டவன் நான். கூட்டம் முடியும்வரை கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கை கம்பைப் பிடித்தது, காது தமிழைப் பிடித்தது. ஞாபகம் மட்டும் ஆண்டவர் அளக்காமல் கொடுத்திருக்கிறார். இந்தக் கோயிலுக்குத் தகரம் போட்ட நாளில் யார் யார் ஆணியை வளைத்தார்கள் என்றுகூடத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.

சொல்ல வந்தது செல்லசாமியின் கதை. எங்கள் லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவர். லயம் என்றால் உங்களுக்குத் தெரியும்: கூரை ஒன்று, குடும்பம் எட்டு, நடுவே சுவர். அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். இந்தப் பக்கம் கடுகு தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

செல்லசாமி சாதாரண ஆளா? காமன் கூத்து வாத்தியார். மாசி மாதம் விடிய விடிய ரதியும் மதனும் ஆடும்போது, பின்னால் நின்று மறந்த அடியை எடுத்துக் கொடுப்பவர். பேப்பர் படிப்பார். பெரிய துரையிடம் நிமிர்ந்து நின்று நியாயம் பேசுவார். நான்? பேப்பரில் வடை மடித்துக் கொடுத்தால் வடையைத் தின்கிறவன்.

போன வைகாசியில் அவருடைய மனைவி வீரம்மா இறந்துபோனாள். காரியம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். செல்லசாமி கதவைச் சாத்திக்கொண்டார். மாரியம்மன் கோயிலுக்கு வரவில்லை, சங்கத்துக்கு வரவில்லை, பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பார்த்தாலும் முகம் கொடுக்கவில்லை. நாளுக்கு நாள் ஆள் இளைத்துக்கொண்டே போனார். என் நெஞ்சு துடித்தது. இந்த மனுஷனிடம் என் ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இவர் வீரம்மா பின்னாலேயே போய்விடுவார் என்று துடித்தது. துடித்தது நெஞ்சு, துவண்டது நாக்கு. கூத்து வாத்தியாரிடம் கைநாட்டுக்காரன் போய் என்ன பேசுவது? ஒரு கேள்வி கேட்டால் எங்கே போய் ஒளிவது?

அந்த நேரத்தில்தான் நம் சிவராசா மாஸ்டர் வந்து மூன்று நாள் பயிற்சி வைத்தார். சுவரில் படம் காட்டினார். நான் கடைசி பெஞ்சில் கைதூக்கி, "ஐயா, படிப்பில்லாதவனுக்கு இது வருமாங்க?" என்று கேட்டேன்.

மாஸ்டர் சொன்னார்: "ஐயா, பயப்பிடாதேங்கோ. நாலே நாலு பாயிண்ட்தான். பாடமாக்கினால் சரி."

பாடமாக்கினேன். கவ்வாத்துக்காரன் பாடமாக்குகிற மாதிரி, தோட்டத்தில் மலைக்கு மலை நம்பர் இருக்கிறதே, அப்படி மலைக்கு ஒன்றாய் நட்டு வைத்தேன். ஒன்றாம் நம்பர் மலை: கடவுள் உன்னை நேசிக்கிறார். இரண்டாம் நம்பர் மலை: நீ ஒரு பாவி. மூன்றாம் நம்பர் மலை: உனக்கும் கடவுளுக்கும் நடுவே ஒரு பள்ளம், சிலுவைதான் பாலம். நான்காம் நம்பர்: அவரை ஏற்றுக்கொள். மூன்றாவதுக்குப் படம் இருந்தது. படம் மாஸ்டரோடு பஸ் ஏறிக் கொட்டகலைக்குப் போய்விட்டது. அதனால் அந்த இடத்தில் மட்டும் எனக்கு எப்போதும் கால் இடறும்.

சாராள் அப்போது வீட்டில் இல்லை. எங்கள் மகள் பிரேமினியின் பிரசவத்துக்கு நுவரெலியாவுக்குப் போயிருந்தாள், மூன்று மாதம். வீட்டில் நானும் என் கோட்டும்தான். துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்த கறுப்புக் கோட்டு. அதை ஆணியில் மாட்டினேன். அதுதான் செல்லசாமி என்று வைத்துக்கொண்டேன். தினமும் பின்னேரம் நாலு மணிக்கு அதன் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன்.

ஏன் நாலு மணி? அந்த நேரத்தில் செல்லசாமி விறகுக்குப் போய்விடுவார். முப்பது வருஷமாக அவர் விறகுக்குப் போகிற நேரம் அது. பக்கத்தில் ஆள் இல்லை என்ற தைரியத்தில், தகரத்தில் விழும் மழையையும் மீறி, பொதுக்கூட்டக் குரலில் முழங்கினேன். "செல்லசாமி, கடவுள் உன்னை நேசிக்கிறார். செல்லசாமி, நீ ஒரு பாவி. செல்லசாமி, உனக்கு முன்னால் ஒரு பள்ளம்." அத்தோடு நின்றுவிடும். கோட்டைப் பார்ப்பேன். கோட்டும் என்னைப் பார்க்கும். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாராள் மூட்டையோடு உள்ளே நுழைகிறாள். புருஷன் கோட்டைப் பார்த்து, "நீ ஒரு பாவி" என்கிறான்.

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். "அந்தக் கோட்டு என்னாங்க பாவம் பண்ணுச்சு?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கோட்டைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தாள். "மழையா இருக்கு, போட்டுக்கிட்டுப் போங்க. பக்கத்துலதான மனுசன் இருக்காரு. போய் அவருகிட்ட சொல்லுங்க."

போனேன். தட்டினேன். "தெறந்துதான் இருக்கு" என்று குரல் வந்தது. செல்லசாமி கம்பளியைச் சுற்றிக்கொண்டு பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "செல்லசாமி, கடவுள் உன்னை நேசிக்கிறார்" என்றேன். அவர் தலையாட்டினார். அப்பா, முதல் மலை தாண்டிவிட்டேன். இரண்டாவது மலையில் நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன்; பாவி என்கிற வார்த்தை உள்ளே போய் ஒளிந்துகொண்டது. மென்று விழுங்கிவிட்டு மூன்றாவதுக்குத் தாவினேன்.

"நில்லு," என்றார். "ரெண்டாவத முழுங்குற. செல்லசாமி, நீ ஒரு பாவின்னு வரணும். அங்கதான் ஒனக்குக் கொரலே நல்லா ஏறும்."

எனக்குக் குளிர் மறந்து வேர்த்தது. "ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"தெனம் நாலு மணிக்கு நடக்குது. சொவத்துக்கு மேல வருது. எனக்கும் பாடமாயிருச்சு." கம்பளியை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், கூத்து வாத்தியார் மாதிரியே. "ஆனா ஒன்னு கேக்குறேன் ஏசடியான். பள்ளத்த சொல்ற. பள்ளத்துக்கு ஒரு பாலம் இருக்குன்னு மொத நாளு மட்டும் சொன்ன. அதுக்கப்பறம் மறந்துட்ட. மூணு மாசமா தெனம் என்னையப் பள்ளத்துல எறக்கி விட்டுட்டு நீ தேத்தண்ணி குடிக்கப் போயிர்ற."

சகோதரரே, சகோதரிகளே, நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். நானும் பிறகு சிரித்தேன். அந்த நேரம் சிரிக்க முடியவில்லை.

"நீ வெறகுக்குப் போகலயா?" என்று கேட்டேன்.

"யாருக்கு அடுப்பெரிக்கப் போறேன்?"

திரும்பிப் பார்த்தேன். அடுப்புக்குள்ளே ஒரு பூனை நாலு குட்டிகளோடு படுத்துக் கிடந்தது. பூனை குட்டி போட்டு, குட்டி கண் திறந்து, சாம்பலில் புரண்டு விளையாடுகிற அளவுக்கு நாளாகியிருந்தது. மூலையில், சமைக்காமல் கடையில் வாங்கித் தின்ற பாணின் காய்ந்த விளிம்புகள். எனக்கும் அந்த அடுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரையைத் தொடாத சுவர். புகை வரவில்லை என்று நான் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மலையும் என் தலையிலிருந்து சரிந்து போய்விட்டன. வாயில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. "சாப்டியா?" என்றேன்.

"அது எத்தனாவது பாயிண்ட்?" என்றார் செல்லசாமி.

மாஸ்டர் சிரிக்கிறார். மாஸ்டர், அது எத்தனையாவது பாயிண்ட் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஓடினேன். சாராளிடம் சொன்னேன். "பக்கத்து அடுப்பு எரியல, ஒங்க கண்ணு எங்க இருந்துச்சு?" என்று கேட்டபடியே மாவைப் பிசைந்தாள். ரொட்டியும் சம்பலும் கொண்டுபோனேன். சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "மாஸ்டர் சொன்னத நிறுத்து. ஒம் மூத்த மக லில்லி ஒம்பது வயசுல காச்சல்ல போனப்ப, நீ எப்புடி எந்திரிச்ச? அத ஒன்னோட நாலுல எங்கயும் காணோம்."

அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. கோட்டிடம்கூடப் பேசியதில்லை. இருந்தும் சொன்னேன். "ஒரு வருசம் அவரத் திட்டுனேன். கவ்வாத்து மலையில நின்னு, கத்திய வச்சுக்கிட்டு, வாய்க்கு வந்தபடி. அவரு கோவிச்சுக்கிட்டுப் போகல. நா திட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்தாரு. எனக்கு அது மட்டுந்தான் தெரியும்."

செல்லசாமி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "திட்டலாமா?"

"திட்டலாம். கேட்டுக்கிட்டு இருப்பாரு."

"அப்ப எனக்குக் கொஞ்சம் திட்டணும்."

ஆரம்பித்தார். கூத்து வாத்தியாரின் தொண்டை. மூன்று மாதம் பூட்டிக் கிடந்த தொண்டை. வீரம்மாவை ஏன் எடுத்தாய், என்னை ஏன் விட்டாய் என்று அடியடியாய் எழுந்தது. எட்டுக் காம்பராவும் எழுந்து நின்றன. எதிர் லயத்து வேலாயி சண்டையை விலக்க ஓடிவந்தாள். "யாரு கூட சண்டை?" என்றாள். செல்லசாமி கூரையைக் காட்டினார். வேலாயி அண்ணாந்து பார்த்துவிட்டு, "அவருகூடயா? அப்ப நா எதுக்கு" என்று போய்விட்டாள். திட்டித் தீர்த்தவர் அழுதார். வீரம்மா செத்த அன்றுகூட அழாதவர் அழுதார். அழுது முடித்து இன்னும் இரண்டு ரொட்டி கேட்டார்.

போதகர் ஐயா, அது ஜெபமா இல்லையா? தலையாட்டுகிறார். கண்ணாடியையும் துடைக்கிறார்.

செல்லசாமி கிறிஸ்தவராகிவிட்டாரா என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. ஆகவில்லை ஐயா. "மேடை ஏறுனா ஒனக்குப் பொய் வந்துரும், நா மாறிட்டேன்னு மட்டும் சொல்லிறாத" என்று காலையிலேயே எச்சரித்துத்தான் அனுப்பினார். ஆனால் சில நாள் என் வாசலில் வந்து உட்கார்ந்து, "ஒங்க ஆளப்பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லு" என்கிறார். தெரிந்ததைச் சொல்லுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிறேன். ஆள் தேறிவிட்டார். பூனைதான் அடுப்பை விட்டுக் கொடுக்க மூன்று நாள் எடுத்தது.

மாஸ்டர் மனவருத்தப்படக் கூடாது. உங்கள் பாலம் உண்மையான பாலம். அதில் நடந்து வந்தவன்தான் நானும். ஆனால் பாலத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே பள்ளத்தில் கிடந்தவனை மறந்தேனே, அந்தக் குற்றம் என்னுடையது. படிப்பில்லை என்றேன், பசித்தவன் முகத்தைப் படிக்க எந்தப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் வேண்டும்? பேச்சில்லை என்றேன், சாப்டியா என்று கேட்க எந்த இலக்கணம் வேண்டும்? தகுதியில்லை, தகுதியில்லை என்று நான் தாழ்ந்து நின்றதெல்லாம் தாழ்மையா? இல்லை என் தாய்மார்களே, அது பயம். எங்கே தோற்றுப்போவேனோ என்று என்னையே நினைத்துக்கொண்டிருந்த பயம். என்னை மறந்த அந்த நிமிஷத்தில்தான் எனக்குள் இருக்கிறவர் பேசினார். உங்களுக்கு என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள். உங்களைத் தூக்கிவிட்டவர் யாரோ அவரைச் சொல்லுங்கள். திக்கினால் திக்கட்டும். திணறினால் திணறட்டும். தட்டுங்கள், திறந்துதான் இருக்கும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் மனசில் ஒரு கதவு வந்திருக்குமே, யாருடையது அது?

அதோ, நடுவரிசையில் ஒரு அம்மா எழுந்து குடையை எடுக்கிறார்கள். பிள்ளைகளே, வாசலில் வழி விடுங்கள். தேத்தண்ணி வருகிறது, இருங்கள் என்று யாரும் மறிக்க வேண்டாம். அவர்களுடைய பங்கை எடுத்து வைப்போம். அந்தக் கதவைப் போய்த் தட்டிவிட்டு வாருங்கள் அம்மா. இன்றைக்கு என் முதல் நன்றி உங்களுக்குத்தான். இருந்து கேட்ட மற்ற எல்லாருக்கும் இரண்டாவது நன்றி. கர்த்தர் உங்கள் காலடிகளைக் காப்பாராக; கீழே படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள். வணக்கம்.