இருவர் நெய்யும் பாய்

பாய் நெய்கிறவர்களுக்கு முதலில் இடுப்புதான் போகும், ஐயா. கண் அதற்கு அப்புறம். பத்தமடையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். அதனால்தான் என் வீட்டுக்காரர் அசன் மைதீனுக்கு முப்பது வயதிலேயே கண் மங்கத் தொடங்கியபோது ஒருவரும் அதிசயப்படவில்லை. "நயம் பாய் நெய்யுதவன் கண்ணு, வெரசா தேஞ்சுதான் போவும்" என்றார்கள். பாவம் என்று கருப்பட்டியும் கோழிமுட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நானாகத்தான் இந்தப் போலீஸ் கச்சேரிக்கு வந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. வாசலில் நின்ற சேவகர் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பாய்க்குப் பேர் வந்ததிலிருந்து எல்லோரும் என் முகத்தை விட்டுவிட்டு விரல்களைத்தான் பார்க்கிறார்கள்.

நாட்டு வைத்தியர் அப்பாத்துரையைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் கொடுத்த மருந்தால்தான் என் வீட்டுக்காரர் கண் வெந்துபோனது என்று பேசிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. அப்பாத்துரை நல்ல மனுஷர்தான். அவருக்காக நான் வரவில்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் நடந்த ஒரு காரியத்தில் மூன்றாவது ஆள் பெயர் எழுதப்படுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். நீங்கள் பாயில் உட்கார்ந்திருப்பீர்கள், நெய்து பார்த்திருக்க மாட்டீர்கள். கோரையை ஆற்றில், ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, முடியளவுக்குக் கிழித்து எடுப்போம். தறியில் நூலை நீட்டிக் கட்டியிருக்கும். ஒருவர் குச்சி நுனியில் ஒற்றைக் கோரையைக் கோத்து நூலுக்கு நடுவே விட வேண்டும். மற்றவர் அச்சை இழுத்து அதை நெருக்கி அடிக்க வேண்டும். நான் கோரை விடுகிறவள். அவர் அச்சு அடிக்கிறவர்.

தடித்த பாய்க்கு எந்த இரண்டு பேரும் உட்காரலாம். துணிபோல மடிகிற நயம் பாய் அப்படியில்லை. அடிக்கிறவர் கொஞ்சம் முந்தினால் கோரை ஒடியும். கொஞ்சம் பிந்தினால் பாயில் சந்து விழும். எங்களுக்குள் பேச்சே வேண்டாம். நான் மூச்சை விடுவேன், அவர் அச்சு விழும். தொழுகையில் நின்றால்கூட மனம் அங்கேயும் இங்கேயும் போகிறது என்று பெரியவர்களே சொல்லிக்கொள்வார்கள். எனக்குத் தறியில் உட்கார்ந்தால் எங்கும் போகாது. அவர் "பிஸ்மில்லா" என்று முதல் அடி அடித்துவிட்டால், படைத்தவன் எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான் என்றே தோன்றும். இது தப்பான பேச்சு என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஏதோ ஒன்று பிறந்துகொண்டே இருந்தது.

கல்யாணப் பாய் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வைத்து நெய்வோம். அதை எல்லா வீட்டிலும் கொடுக்க மாட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மனம் ஒத்து உட்காருகிற தறியாகப் பார்த்துக் கொடுப்பார்கள். தொடங்கின ஜோடியேதான் முடிக்கவும் வேண்டும். நடுவில் ஆள் மாறினால் பெண் வீட்டார் அந்தப் பாயைத் தொடமாட்டார்கள். அந்தத் தம்பதி பிரிந்துபோவார்கள் என்று பயம். பெண் வீட்டுப் பொம்பிளைகள் சும்மா வந்த மாதிரி வந்து, நாங்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்களைப் பார்த்தவர்கள் யாரும் வேறு வீட்டுக்குப் போனதில்லை.

வெள்ளைக்கார ராஜா டில்லிக்கு வந்து முடிசூட்டிக்கொண்ட வருஷம், மேலப்பாளையத்துப் பெரிய வீடு ஒன்றிலிருந்து கல்யாணப் பாய் கேட்டிருந்தார்கள். அப்போதுதான் அண்ணன் முறையான முகம்மது இப்ராஹிம் காக்கா ஊருக்கு வந்தார். கொழும்பில் பாய்க்கடை வைத்திருக்கிறவர். எங்கள் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் தறியில் அச்சு விழுந்த சத்தம் வேறாக இருந்தது.

உங்களுக்கு அது கேட்காது. எனக்குக் கேட்டது. கை அங்கே இருந்தது, ஆள் அங்கே இல்லை. அதற்கப்புறம் நான் ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கினேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கினார். தாடியைச் சீராக வெட்டிக்கொண்டார். ஆற்றங்கரையில் கோரைக் கட்டைத் தூக்கும்போது, சிங்களத்தில் ஒன்று இரண்டு எண்ணப் பழகுவதைக் கேட்டேன். கடையில் எண்ணுவதற்கு என்றார். இருக்கலாம். ஆனால் எண்ணும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. காசை எண்ணுகிறவன் அப்படிச் சிரிப்பானா என்று நான் யோசித்தேன். அங்கே யார் வீட்டில் சாப்பாடு, யார் பரிமாறுவார்கள் என்று இப்ராஹிம் காக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப்பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

ஒருநாள் அவரே வாயைத் திறந்தார்.

"கொழும்புக்குப் போலாம்னு நெனைக்கேன் புள்ள. மூணு வருசந்தான். வந்து நம்ம வீட்டக் கல்லு வச்சுக் கட்டிருவோம்."

"தறியில யாரு உக்காருவா மச்சான்?"

"ஒந் தங்கச்சி சபீதா இருக்காள்லா? அச்சு அடிக்கதுக்கு யாரா இருந்தா என்ன?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். யாராக இருந்தால் என்ன. எனக்கு அழுகைகூட வரவில்லை. இவ்வளவு நாளும் நான் தொழுத இடத்தை இவர் வெறும் திண்ணையாக நினைத்து உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தேன். அப்படி இருக்க முடியாது என்றும் நினைத்தேன். யாரோ அவர் மனத்தைக் கலைத்திருக்கிறார்கள். அவர் சொன்னது அவர் பேச்சில்லை.

கல்யாணப் பாய் முடிகிற வரையில் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். பெண் வீட்டாருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நெய்ததை அவிழ்த்துவிட்டு மறுபடி நெய்து நாளைக் கடத்தியிருக்கலாம். எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் வேலையில் ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சமயம் ஊரெல்லாம் கண்வலி வந்தது. அவருக்கும் வந்தது. அது நிஜமான கண்வலிதான். அதில் என் கை ஒன்றுமில்லை. அப்பாத்துரை வந்து பார்த்து, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடச் சொன்னார். முற்றத்திலேயே செடி இருந்தது. நானே பிழிந்து, ஒரு கோரை நுனியில் தொட்டு, இரண்டு கண்ணிலும் விட்டேன். கண்ணைத் திறக்க முடியாமல் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சோற்றை நான் பிசைந்து கையில் கொடுத்தேன். சும்மா இருக்க முடியவில்லை என்று, கண்ணைக் கட்டிக்கொண்டே தறியில் உட்கார்ந்தார். ஐயா, அன்றைக்கு விழுந்த அடி மாதிரி அதற்கு முன் விழுந்ததே இல்லை. வண்டி வந்தது, போனது. அவர் தலையைத் தூக்கவில்லை. என் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். என் மச்சான் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கண்வலி ஊரில் எல்லோருக்கும் ஆறியது. அவருக்கும் ஆறத் தொடங்கியது. காலையில் முகம் கழுவிவிட்டு வந்து, "வெளிச்சம் நல்லாத் தெரியுது புள்ள" என்றார். முதலில் வாசலைப் பார்த்தார். என்னை அப்புறம்தான் பார்த்தார்.

மருந்தை நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னேன். கோரை நுனியில் தொட்டு விடுவதும் அப்படியே. தொடுகிறதை மட்டும் மாற்றினேன். வயல் வேலியில் கள்ளி நிற்கிறது. நந்தியாவட்டையை ஒடித்தாலும் பால் வரும், கள்ளியை ஒடித்தாலும் பால் வரும். சிரட்டையில் இருக்கும்போது இரண்டுக்கும் யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது.

"காந்துதே புள்ள" என்பார்.

"மருந்துன்னா காந்தத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க மச்சான்."

பொறுத்துக்கொள்வார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் என் கையை அப்படிப் பிடித்ததில்லை. ஆறுகிற மாதிரி தெரிந்தால் மறுபடி விடுவேன், ஆறாவிட்டால் விடமாட்டேன். அவரை வருத்துவது என் நோக்கமில்லை.

அந்தக் கல்யாணப் பாயை நீங்கள் பார்க்க வேண்டும். சுருட்டினால் என் முழங்கைக்குள் அடங்கியது. பெண் வீட்டார் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதார்கள். கண் தெரியாத புருஷனும் அவனுக்குக் கண்ணாக இருக்கிற பெண்டாட்டியும் நெய்த பாய் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கப்புறம் அம்பாசமுத்திரத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். புதுப்பெண்களைக் கூட்டிவந்து எங்களைக் காட்டினார்கள். "புருசன் பொண்டாட்டின்னா இப்படில்லா இருக்கணும்" என்றார்கள். இப்ராஹிம் காக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, தனியாகக் கப்பல் ஏறிப் போனார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. கண் இருந்தவரைக்கும்தான் அந்த ஆசை, தானாகப் போய்விடும் என்று சோற்றுத் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன்.

பிறகுதான் மஹ்மூதா மைனி வந்தாள். அவருடைய அக்காள், மேலப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். தம்பியைப் பார்க்க வந்தவள், பார்த்துவிட்டுப் போகவில்லை. நான் மருந்து விடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் வெளியே போய்வந்தால் சிரட்டை வைத்த இடம் மாறியிருந்தது. இரண்டு பேரும் ஒரே சட்டியிலிருந்துதான் சோறு போட்டுச் சாப்பிட்டோம். நான் சாப்பிட்ட பிறகே அவள் சாப்பிட்டாள். ஒருநாள் முற்றத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏளா ஆபிதா, தெனமும் நந்தியாவட்டை புழிஞ்சு விடுதேன்னு சொல்லுத. செடியில பூவெல்லாம் அப்படியேல்லா இருக்கு?"

"பூக்க பூக்கத்தானே பறிக்கேன் மைனி."

"உதுந்து கெடக்கத பாத்தா பறிச்ச மாதிரித் தெரியலியே."

அவ்வளவுதான் பேசினாள். நான் கோரை அலச ஆற்றுக்குப் போயிருந்தபோது, வண்டி பிடித்துத் தம்பியைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். திரும்பி வந்தேன், தறியில் பாதிப் பாய் இருந்தது, அவர் இல்லை. அந்தப் பாதிப் பாயை நான் இன்னும் அறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்துவிட்டார்கள். வீட்டு மருந்து எதுவும் விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விடாமல் இருந்ததில் இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. அப்புறம் விரல் தெரிந்தது. வலது கண் இனிமேல் வராதாம். எதையோ விட்டுத்தான் வெந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார், நீங்கள் அப்பாத்துரையைப் பிடித்தீர்கள்.

அது கள்ளிப்பால், ஐயா. விட்டவள் நான், அசன் மைதீன் பெண்டாட்டி ஆபிதா பீவி. தெரிந்தே விட்டேன், ஒருதரம் இல்லை, பலதரம். அப்பாத்துரையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் அவரை என்னிடமிருந்து பிரித்துவிட்டதாக மட்டும் மஹ்மூதா மைனி நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மூச்சில் நெய்தவர்கள் நாங்கள்.

இங்கே வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கண் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பைய, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மச்சான்" என்று கூப்பிட்டேன். என் குரல் கேட்டதுதான் தாமதம், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மஹ்மூதா மைனி என்னை வெளியே பிடித்துத் தள்ளினாள். அவளுக்கு என்ன தெரியும்? நிக்காஹ் முடிந்து முதன்முதலாக என் முகத்தைப் பார்க்கச் சொன்னபோதும் அவர் இப்படித்தான் வெட்கப்பட்டார்.