முகம் மட்டும் பாக்கி

தங்கை: அதை வைண்ணே! என் பிரஷ் டப்பாவைத் தொடாத.

அண்ணன்: தொடாம எப்படிக் கட்டுறது? பன்னெண்டு மணிக்கு லாரி வந்துடும். சாவியைக் குடுத்துட்டு வீட்டைக் காலி பண்ணணும்.

தங்கை: இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல? பத்தே பத்து நிமிஷம் உன் ரூமுக்குப் போயி வயலின் வாசி. படத்துல முகம் மட்டும்தான் பாக்கி.

அண்ணன்: புது வீட்டுல வரைஞ்சுக்க. அங்கயும் சுவரு இருக்கு.

தங்கை: இந்தச் சுவருதான் வேணும். அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்.

அண்ணன்: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்...

தங்கை: கிண்டல் பண்ணாத. மூணு வாரமா தினமும் காலையில பாக்குறேன். வில்லு இழுபட்டா கோடு நீளுது. அது நின்னா கோடும் நிக்குது. அடித் தந்திக்கு இறங்குனா நீலம் கறுத்துப் போவுது. ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசிச்சா...

அண்ணன்: அதே எடத்துல ரெண்டாவது பூச்சு.

தங்கை: உனக்கெப்படித் தெரியும்?

அண்ணன்: எனக்கும் காது இருக்கு தாயி. டப்பா விளிம்புல மூணு தட்டு. அப்புறம் துணி மேல பிரஷ் ஓடுற சத்தம். சர்ர்ர்... சர்ர்னு. நீ எங்க நிறுத்துற, எங்க யோசிக்கிறன்னுகூடச் சொல்லிடுவேன். அதுவும் ஒரு கச்சேரி மாதிரிதான்.

தங்கை: ...மூணு தட்டா?

அண்ணன்: ஆமா. அம்மா வாசிக்க ஆரம்பிக்கும்போது வில்லால நோட்டு வைக்கிற ஸ்டாண்டுல தட்டுவாங்களே, அதே மாதிரி. அந்தப் பழக்கம் உனக்கு வந்திருக்கு.

தங்கை: ம்.

அண்ணன்: என்ன ம்?

தங்கை: ஒண்ணுமில்ல. நேத்து கேட்டது... மெதுவா ஆரம்பிச்சு, நடுவுல மூச்சு வாங்குற மாதிரி ஒரு எடத்துல நின்னு... அழுதுட்டேண்ணே.

அண்ணன்: ...அழுதியா?

தங்கை: அம்மா போயி ஒரு வருஷமா வயலின் பக்கமே போகாம இருந்தியே. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா.

அண்ணன்: எனக்கும்தான். நீ வரையறதை விட்டப்போ, அம்மாவோட சேத்து உன்னையும் பறிகுடுத்துட்டேன்னு நெனச்சேன்.

தங்கை: அப்போ போயி வாசி.

அண்ணன்: முதல்ல படத்தைக் காட்டு. என்னமோ புதையல் மாதிரி துணியைப் போட்டு மூடி வெச்சிருக்க.

தங்கை: காட்டுனா வாசிப்பியா?

அண்ணன்: ...காட்டேன்.

தங்கை: இந்தா. பாத்துக்க.

அண்ணன்: அட, என் ரூமு! என் சன்னல்... அந்த ஒத்தக்கால் ஆடுற நாற்காலிகூட இருக்கு. இருட்டுல உக்காந்து வாசிக்கிறது நானா? வழுக்கையை விட்டுட்டியே, புண்ணியமாப் போச்சு.

தங்கை: நல்லாப் பாருண்ணே.

அண்ணன்: பாத்துட்டுத்தானே... ஏய். வில்லு இடது கையில இருக்கு.

தங்கை: ம்.

அண்ணன்: நம்ம வீட்டுல இடது கையால வாசிச்சது... முழங்கை இடிக்குதுன்னு அம்மாவை வாத்தியக் குழுவுல கடைசி நாற்காலியில, சுவத்தோரமா உக்கார வெப்பாங்களே...

தங்கை: முதல் வாரம் வெறும் முதுகுதான் தெரிஞ்சுது. அடுத்த வாரம் தோள் திரும்புச்சு. இப்போ காது தெரியுது பாரு. இன்னும் ஒரே ஒரு தடவை வாசிச்சா போதும், முகத்தைப் பாத்துடலாம்.

அண்ணன்: திரும்புச்சா? நீதானே திருப்பி வரைஞ்ச?

தங்கை: வயலின் பெட்டி எங்க? இதுதானே?

அண்ணன்: அதைத் தொறக்காதம்மா... சொன்னா கேளு...

தங்கை: அண்ணே... என்ன இது? தந்தியெல்லாம் துருப்பிடிச்சு... ஒண்ணு அறுந்தே போச்சு. உள்ள சிலந்தி கூடு கட்டியிருக்கு!

அண்ணன்: அம்மா போன நாள்லேர்ந்து இந்த ரெண்டு விரலும் மடங்கல. நான் ஒரு நாளும் வாசிக்கல.

தங்கை: அப்போ மூணு வாரமா நான் கேட்டது?

அண்ணன்: எனக்கு எந்த வயலினும் கேக்கல. முதல் நாள் நீ ஓடி வந்து 'நல்லா வாசிச்சண்ணே'ன்னு கையைப் புடிச்சுக்கிட்ட பாரு, இல்லன்னு சொல்ல வாய் வரல. சொன்னா மறுபடியும் பிரஷ்ஷைப் போட்டுடுவியோன்னு பயம். தினமும் சுவத்துல காதை வெச்சு நீ வரையறதையே கேட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் கையாவது ஓடுதேன்னு...

தங்கை: நான் வரையறதையா கேட்ட?

அண்ணன்: கோவம்னா திட்டிடு. ஏன் இப்படி வெளுத்துப் போயிட்ட?

தங்கை: ஷ்... கேக்குதா?

அண்ணன்: மூணு தட்டு... உன் கை சும்மாதானே இருக்கு! யாரு என் ரூம்ல? லாரிக்காரங்க வந்துட்டாங்களா?

தங்கை: இப்போ?

அண்ணன்: வயலின்... அடியே, வயலின் இந்தா பெட்டியில கெடக்கு. அங்க யாரு வாசிக்கிறது? நான் போயி பாக்குறேன், நீ அந்தப் படத்தை மூடு!

தங்கை: போகாதண்ணே. இப்படி என் பக்கத்துல உக்காரு. டப்பாவைத் தொட்டுப் பாரு, பிரஷ்ஷெல்லாம் கல்லாட்டம் காஞ்சு கெடக்கு. அம்மா போன நாள்லேர்ந்து நானும் தொடல. சொன்னா நீ வாசிக்கிறதை நிறுத்திடுவியோன்னு, படம் தானா வளர்றதைச் சும்மா உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்... திரும்புறாங்கண்ணே, பாரு.