வெள்ளை வண்டி நின்ற தெரு

"வெடியோய்... வெடி! ஓடு, ஓடு!"

கத்தல் காதில் விழுந்ததும் மேசைக்கு அடியில் போய்விட்டேன். முழங்காலுக்குக் கீழே சாக்பீஸ் நொறுங்குகிறது. தடார். ஜன்னல் கம்பி அதிர்கிறது. பிறகு மண் விழும் சத்தம். பொலபொலவென்று. அந்தச் சத்தம்தான் எனக்கு ஆகாது.

உத்தமபாளையத்தில், எங்கள் கல்லூரிக்குப் பின்னால், கிணறு வெட்டுகிறார்கள். பாறைக்கு வெடி வைக்கிறார்கள். எனக்குத் தெரியும். என் உடம்புக்குத் தெரியவில்லை.

"கெணத்து வெடிதான் மேடம். பயப்படாதீக," என்கிறாள் முன் பெஞ்சு மாணவி. யாரும் சிரிக்கவில்லை.

கரும்பலகையில் பாடம் பாதியில் நிற்கிறது. பன்னாட்டுச் சங்கம். முதல் உலகப் போர் முடிந்ததும், இனிப் போரே கூடாது என்று நாடுகள் கூடி அமைத்தது. மஞ்சூரியாவுக்குள் ஜப்பான் படை புகுந்தது. சீனா முறையிட்டது. சங்கம் ஒரு குழுவை அனுப்பியது. குழு பார்த்தது. எழுதியது. அறிக்கை வருவதற்குள் மஞ்சூரியா கைமாறிவிட்டது. பிள்ளைகளுக்கு இது ஐந்து மார்க் கேள்வி. என் வீட்டுக்காரர் போனதும் இப்படி ஒரு குழுவை நம்பித்தான்.

செல்வராஜ். பக்கத்து ஊரான கோம்பைக்காரர். வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். நான் அங்கே இந்தியப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். சண்டை வந்தது. ஆஸ்பத்திரியின் நிலவறையில் கிடந்தோம். ஷெல் குண்டு வருமுன் ஒரு சீழ்க்கை. அப்புறம் ஒரு நொடி ஒன்றுமே கேட்காது. அந்த நொடிதான் கொடுமை.

சனிக்கிழமை காலை. போர்நிறுத்தம் என்றார்கள். அதைக் கண்காணிக்கப் பன்னாட்டுப் பார்வையாளர் குழு வந்தது. வெள்ளை வண்டி. பெரிய கொடி. தெருமுனைத் தண்ணீர்க் குழாய் அருகே நின்றது.

எங்கள் பக்கம் வாய்க்கால் தகராறு என்றால் மண்வெட்டியோடு நிற்பார்கள். தாசில்தார் ஜீப் வந்து நின்றால் போதும். அது நகரும்வரை ஒருவரும் கை ஓங்க மாட்டார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த மனிதர் என் வீட்டுக்காரர். தண்ணீர் கேனை எடுத்தார்.

"போகாதீக! நில்லுங்க!"

"வண்டி நிக்கிதுல்ல. அடிக்க மாட்டாக. நீ இங்கனயே இரு."

வரலாறு படித்தவள் நான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறிக்கொண்டு போய்விட்டார்.

நிலவறைப் படியிலிருந்து பார்க்கிறேன். குழாயடியில் வரிசை. நல்ல வெயில். வண்டி உறுமுகிறது. நகர்கிறது. அவர் குனிந்து கேனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பார்க்கவில்லை.

"வண்டி போயிருச்சு! வந்துருங்க! வந்துருங்க!"

சீழ்க்கை. அந்த ஒரு நொடி. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மண் விழுந்தது. பொலபொலவென்று.

மறுநாள் குழு வந்தது. பள்ளத்தை அளந்தது. எந்தப் பக்கத்துக் குண்டு என்று விசாரித்தது. "தடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை அம்மா. பார்த்து எழுதத்தான் வந்தோம்," என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை. அதை முதல் நாளே அந்தத் தெருவில் நின்று சொல்லியிருக்கலாமே. கிணறு வெட்டுகிறவர்கள்கூட வெடிக்குமுன் கத்துகிறார்கள்.

மேசைக்கு அடியிலிருந்து எழுகிறேன். புடவையைத் தட்டுகிறேன். பாடத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளிடம் கணக்கைச் சொல்கிறேன்.

குழாயடியில் இறந்தவர்கள் ஐந்து பேர். ரொட்டிக்கடைப் பெரியவர். அவர் மகள். நர்ஸ் மரியம். பெயர் தெரியாத ஒருவர். என் செல்வராஜ். அந்தத் தெருவின் ஒரே குழாயும் போனது.

வெள்ளை வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.