பின்கட்டுச் சுவரில் ஒரு அரசங்கன்று

அரசங்கன்றுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். ஈரச் சுண்ணாம்பு போதும். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் அது முளைத்தது தொண்ணூற்று மூன்றில். காக்கை எச்சம், நான் நடவில்லை.

பின்கட்டில் ஆட்டோ ஓட்டும் முருகையனும் அவன் மனைவி தேவானையும் குடியிருந்தார்கள். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட எனக்கு ஆசை. அவர்கள் காலி செய்யவில்லை, வழக்கிலும் தோற்றேன். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவனுக்கு வேறென்ன தெரியும்?

வேர் கிளைப்பது அழகான ஏற்பாடு. துளிரில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி, வேருக்குள் சும்மா இருக்கும் சில செல்களை எழுப்பும். அவை பெருகி, தாய்வேரைக் கிழித்துக்கொண்டு பக்கவேராக வெளியே வரும். அதற்கான மரபணு பழுதானால் ஒரு கிளைகூட வராது. இந்தக் கன்றுக்கு அந்தக் குறை இல்லை. நர்சரியில் விற்கும் வேர்ப் பவுடரும் ஒருவகை ஆக்சின்தான். குழைத்து வாரம் ஒருமுறை வெடிப்பில் தடவினேன்.

முருகையன் வந்து கேட்டான்: "சார், சொவுரு வாயப் பொளந்துகினு கீது. இத்தப் புடுங்கிடட்டா?"

"அரசுப்பா அது. பிடுங்கப்படாது. நாள் பார்த்து, பூஜை பண்ணி எடுத்துடலாம்."

தேவானை சிரித்தாள். "சாமியே குடி வந்துகீது. இனிமே வாடகைய அத்தாண்ட கேளு சார்."

அவர்களுக்கும் கை வைக்கப் பயம். நான்கு வருடம் நாள் பார்த்தேன்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் அவளுக்கு ஏழாம் மாதம். ஜன்னல் காற்றுக்காகக் கட்டிலை அந்தச் சுவரோரம் இழுத்துப் போட்டிருந்தாள்.

"பூஜை எப்போ சார்? படுத்தா மூஞ்சில மண்ணு கொட்டுது."

"மாசமா இருக்கறச்சே மரத்துல கை வைக்கப்படாதும்மா. குழந்தை பொறக்கட்டும்."

தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த வாரமும் தடவினேன்.

மூன்றாம் நாள் மழையில், மத்தியானம், சுவர் விழுந்தது. முருகையன் சவாரிக்குப் போயிருந்தான். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். செங்கல்லை அகற்றியவர்கள் முதலில் கண்டது வேரைத்தான். கட்டிலைச் சுற்றி அத்தனை கிளை.

விழும் என்று தெரியும். உள்பக்கமாக விழும் என்பதும் தெரியும். அதற்காகவே வெளிப்பக்கம் தடவினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் வளர்ந்தது வேர்தானே, சார். நான் என்ன செய்ய முடியும்?