மொட்டைமாடி நேரலை

நுஹா: இன்னும் கொஞ்சம் இடது பக்கமா?

மாஹிர்: போதும் டீச்சர். இப்ப போர்வை முழுசா கேமராவுல விழுது. இன்னும் தள்ளினா நீங்க கடலுக்கே போயிடுவீங்க.

நுஹா: கடல்லேர்ந்துதானே வந்துச்சு. உப்புத் தண்ணியில அலசினது... விறைச்சு நிக்குது பாரு, கருவாடு மாதிரி.

மாஹிர்: கேமராவுல அழகாத்தான் இருக்கு.

நுஹா: எது, கருவாடா?

மாஹிர்: ரெண்டும்தான். தலைக்குட்டைய மட்டும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கோங்க. முன்முடி தெரியுது.

நுஹா: இப்ப?

மாஹிர்: இப்ப சரி. விளிம்புக்கு மட்டும் போகாதீங்க. காலையிலேர்ந்து ட்ரோன் தாழத்தான் சுத்துது.

நுஹா: அது சுத்தாத நாள் எது? நான் எந்தக் கிழமை எந்தத் துணி துவைக்கிறேன்னு என் புருஷனுக்குக்கூடத் தெரியாது. அதுக்குத் தெரியும்... இன்னிக்கு எத்தனை பேருப்பா?

மாஹிர்: பார்க்குறவங்களா? இருங்க, போன்ல பார்த்துச் சொல்றேன்... மூவாயிரத்து இருநூத்திப் பதினாலு.

நுஹா: நேத்து மூவாயிரத்து நானூறுன்னே.

மாஹிர்: இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. பாதிப் பேரு சர்ச்சுக்குப் போயிருப்பாங்க.

நுஹா: ஆரம்பத்துல ரெண்டு லட்சம் பேர் பார்த்தாங்க.

மாஹிர்: அது ஆரம்பத்துல. அப்ப நான் லென்ஸைத் துடைச்சாலே, 'அது யாரோட கை, ஆள் நல்லா இருக்கானா'ன்னு நாற்பது பாஷையில கேட்டாங்க.

நுஹா: இப்ப?

மாஹிர்: இப்பவும் கேக்குறாங்க. கொஞ்சம்... மெதுவா கேக்குறாங்க.

நுஹா: அந்த சாந்தியாகோ கிழவர் வந்தாரா?

மாஹிர்: முதல் ஆளே அவருதான். 'நீலத் தலைக்குட்டை அம்மாவுக்கு என் வணக்கம். எங்க தாத்தா உங்க நாட்டு பெய்த் ஜாலாவிலேர்ந்து கப்பல் ஏறினவர்.'

நுஹா: அதையேதான் தினமும் சொல்றாரு.

மாஹிர்: வயசாயிடுச்சுல்ல. வேற என்ன சொல்வாரு?

நுஹா: எல்லைக்கு அந்தப் பக்கத்து அஷ்கெலோன்காரி?

மாஹிர்: அவங்களும் வந்தாங்க.

நுஹா: என்ன எழுதினா?

மாஹிர்: 'உங்க பக்கத்துப் புகை என் ஜன்னல் வரைக்கும் வருது. வெள்ளைத் துணிய இன்னிக்குக் காயப்போடாதீங்க.'

நுஹா: இது போன கோடையில எழுதினதாச்சே.

மாஹிர்: அப்பிடியா... மறுபடியும் எழுதியிருக்காங்க போல.

நுஹா: மகனைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?

மாஹிர்: எந்த மகன்?

நுஹா: அவ மகன்தான். பட்டாளத்துல இருக்கான், 'உங்க பக்கம்தான் எங்கேயோ இருக்கானாம், உங்க கேமராவுலதான் தேடிக்கிட்டு இருக்கேன்'னு எழுதினாளே. எத்தனை பேர் திட்டினாங்க அவளை. எனக்கும் திட்டணும்னுதான் வாயில வந்துச்சு.

மாஹிர்: திட்டலையே.

நுஹா: திட்டல. ராத்திரி பூரா தூங்காம நம்ம மாடியையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கா... என்னன்னு திட்டுறது? எங்க, போனைக் குடு. நானே பார்க்குறேன்.

மாஹிர்: சார்ஜ் இல்ல டீச்சர். அணைஞ்சிடும்.

நுஹா: இவ்வளவு நேரம் படிச்சியே.

மாஹிர்: படிச்சதுலதான் இறங்கிடுச்சு.

நுஹா: சரி, இதையாவது சொல்லு. நேத்து நான் துணியில எழுதிப் பிடிச்சேனே, அதுக்கு என்ன சொன்னாங்க?

மாஹிர்: எது?

நுஹா: நீ தண்ணி வரிசைக்குப் போயிருந்தே. கேமராவுக்கு நேரா கால் மணி நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கை கடுத்துப் போச்சு.

மாஹிர்: ஆங்... அதா. அதுக்கு நிறைய பேர் எழுதியிருந்தாங்க டீச்சர். இத்தாலிக்காரி ஒருத்தி அழுதே போயிட்டாளாம்.

நுஹா: எழுத்து தெரிஞ்சுதாமா?

மாஹிர்: முத்து முத்தான எழுத்துன்னாங்க. இருபது வருஷம் கரும்பலகையில எழுதின கையாச்சே.

நுஹா: அரபில எழுதினது புரிஞ்சுதா, இங்கிலீஷ்ல எழுதினதா?

மாஹிர்: ரெண்டும்தான்.

நுஹா: மாஹிர்...

மாஹிர்: என்ன டீச்சர்?

நுஹா: நான் ஒண்ணுமே எழுதல. வெறும் தலையணை உறை. அதையும் துவைச்சுத்தான் எடுத்துட்டு வந்தேன்.

மாஹிர்: டீச்சர், அது வந்து...

நுஹா: கேமராவைப் பார்த்துக்கிட்டு நிக்காதே. என்னைப் பாரு. இந்தப் பொய்க்கு எத்தனை நாளாச்சு?

மாஹிர்: ...நாற்பத்து மூணு.

நுஹா: செய்தி ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?

மாஹிர்: நல்ல மாதிரிதான் பேசினாங்க. பார்க்குறவங்க குறைஞ்சு போயிட்டாங்களாம். வேற நாட்டுல வேற சண்டை ஆரம்பிச்சிருக்காம், இணைப்பை அங்க திருப்பணுமாம். 'இவ்வளவு நாள் உழைச்சதுக்கு நன்றி, பத்திரமா இரு'ன்னாங்க.

நுஹா: பத்திரமா இருன்னாங்களா?

மாஹிர்: ஆமா. சொல்லிட்டு வச்சுட்டாங்க.

நுஹா: அப்ப இந்தச் சிவப்புப் பொட்டு? எரிஞ்சுக்கிட்டே இருக்கே.

மாஹிர்: பேட்டரி இருந்தா அது எரியும் டீச்சர். யாராவது பார்க்கணும்னு இல்ல.

நுஹா: இந்தப் பொட்டுக்காகத் தினமும் சோலார் தட்டுல ஒரு மணி நேர வெயிலை மொத்தக் கட்டடமும் விட்டுக் குடுக்குது. மூணாம் மாடிப் பெரியவர் மூச்சுக் கருவியைக்கூட அந்நேரம் நிறுத்தி வைக்கிறாரு... அது தெரியுமில்ல உனக்கு?

மாஹிர்: தெரியும். தெரியாம இருக்குமா? அந்த ஒரு மணி நேரமும் நான் படியில இறங்கமாட்டேன். அவர் இருமுறது கேக்கும்.

நுஹா: அப்புறம் ஏன்டா?

மாஹிர்: ஆபீஸ்லேர்ந்து சொன்னதுக்கு மறுநாள் காலையில, சொல்லிடலாம்னுதான் இறங்கினேன். பக்கத்துத் தெருவுல குண்டு விழுந்த நாள் அது, ஞாபகம் இருக்கா? எல்லாரும் மூட்டை கட்டிட்டாங்க. ஹலீமா அண்ணி...

நுஹா: உன் அண்ணன் பொண்டாட்டிதானே?

மாஹிர்: ஆமா. இடம் மாறினது அவங்களுக்குப் பத்துத் தடவை ஆயிடுச்சு. இது பதினொண்ணு. ரெண்டாம் மாடிப் படியிலயே உட்கார்ந்துட்டாங்க. காலைப் பார்க்கணுமே நீங்க, பூசணிக்காய் மாதிரி வீங்கி... என்னை நிமிர்ந்து பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'மாஹிர், உன் கேமரா எரியுதா?'

நுஹா: நீ...

மாஹிர்: எரியுதுன்னுட்டேன். 'உலகமே பார்க்குறப்ப இந்தக் கட்டடத்தை அடிக்கமாட்டாங்க'ன்னு யாரோ சொன்னாங்க. ஒருத்தர் மூட்டையை அவுத்தாங்க. அவ்வளவுதான், வரிசையா எல்லாரும் அவுத்துட்டாங்க.

நுஹா: நானும்தான் அவுத்தேன்.

மாஹிர்: உங்களைத்தான் முதல்ல பார்த்தேன். அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்றது?

நுஹா: இத்தாலிக்காரி அழுதான்னு மட்டும் சொல்ல வருது.

மாஹிர்: அடிங்க டீச்சர். திட்டுறதுக்குப் பதிலா அடிச்சுடுங்க.

நுஹா: அடிக்கிறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல தம்பி. எனக்கே ஒன்பது நாளாத் தெரியும்.

மாஹிர்: என்ன தெரியும்?

நுஹா: என் மக அம்மான் நகரத்துலேர்ந்து போன் பண்ணினா. 'அம்மா, தினமும் உன்னைப் பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போவேன். இப்பல்லாம் திரை கறுப்பாவே இருக்கு. ஒளிபரப்பு முடிஞ்சதுன்னு போட்டிருக்கு'ன்னா. ஒரு மாசமாச் சொல்லாம வச்சிருந்திருக்கா, நான் வருத்தப்படுவேன்னு.

மாஹிர்: ஒன்பது நாளா தெரிஞ்சுக்கிட்டே... தினமும் இதே நேரத்துக்கு, இதே தலைக்குட்டையோட வந்து துணி காயப்போட்டீங்களா?

நுஹா: துணி காயணுமில்ல.

மாஹிர்: டீச்சர்...

நுஹா: வேற என்னத்தைச் சொல்ல? நாலாம் மாடி ரிஹாப், குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு தினமும் சாயங்காலம் கேப்பா. 'இன்னிக்கு உங்களைப் பார்த்தாங்களா டீச்சர்?' நான் ஒரு நாள் வரலைன்னா என்ன ஆச்சுன்னு கேப்பா.

மாஹிர்: என்ன சொல்வீங்க அவகிட்ட?

நுஹா: பார்த்தாங்கன்னுதான். விசாரிச்சாங்கன்னு. உன் குழந்தைக்குப் பல் முளைச்சுதான்னு ஒருத்தங்க கேட்டாங்கன்னு... நான் உன்னைவிட ஒரு படி மேல.

மாஹிர்: அப்ப நேத்து எதுக்கு அந்தத் தலையணை உறை?

நுஹா: பொய் சொல்றது நீயா, இல்ல ஆபீஸ்காரங்க உன்கிட்டயே சொல்லாம அணைச்சுட்டாங்களான்னு தெரியணும். நீயும் ஏமாந்துதான் உட்கார்ந்திருக்கியோன்னு பயமா இருந்துச்சு.

மாஹிர்: நான் ஏமாறல.

நுஹா: அதுவும் ஒரு நிம்மதிதான்.

மாஹிர்: இப்ப என்ன பண்றது?

நுஹா: சொல்லிடணும்.

மாஹிர்: நாளைக்கு...

நுஹா: இன்னிக்கு. இப்பவே. நான் கூட வரேன், வா. முதல்ல அந்த மூணாம் மாடிப் பெரியவர்கிட்ட.

மாஹிர்: இருங்க.

நுஹா: என்ன?

மாஹிர்: சத்தம் நின்னுடுச்சு.

நுஹா: மேலயா?

மாஹிர்: மேல. காலையிலேர்ந்து காதைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு... எப்ப நின்னுச்சுன்னே கவனிக்கல. அது கத்துறப்பகூட எனக்கு ஒண்ணும் இல்ல. கத்தாதப்பதான் எங்க விழும்னு பார்க்கணும்.

நுஹா: கீழயும் நின்னுடுச்சு மாஹிர்.

மாஹிர்: எங்க?

நுஹா: நம்ம கட்டடத்துல. காது குடுத்துக் கேளு... தொண்ணூறு பேர் இருக்கோம். பாத்திரச் சத்தம் இல்ல, பேச்சுச் சத்தம் இல்ல. ரிஹாப் குழந்தை இந்நேரத்துக்குத் தொண்டை கிழிய அழும்.

மாஹிர்: தூங்கியிருக்கும்.

நுஹா: தொண்ணூறு பேருமா?

மாஹிர்: பெரியவர் இருமல்கூடக் கேக்கலையே.

நுஹா: படிக்கட்டுல எட்டிப் பாரு.

மாஹிர்: இருட்டா இருக்கு... யாரோ ஏறி வர்றாங்க. ஒத்தை ஆளு. காலை இழுத்து இழுத்து வைக்கிறாங்க.

நுஹா: யாரு?

மாஹிர்: அபு ஹாதிம் மாமா மாதிரி இருக்கு. மாமா, நீங்களா? ஆறு மாடி ஏறி வந்தீங்களா, அந்த முட்டியை வச்சுக்கிட்டு?

அபு ஹாதிம்: மூச்சு வாங்கிக்கிறேன்... இருப்பா.

நுஹா: தரைத்தளத்தை விட்டு நீங்க நகர்ந்து நான் பார்த்ததே இல்லையே. முடிவெட்டக்கூட எல்லாரும்தான் உங்ககிட்ட இறங்கி வருவாங்க. என்ன ஆச்சு அபு ஹாதிம்?

அபு ஹாதிம்: போனுக்கு அவங்க பட்டாளத்துச் செய்தி வந்திருக்கு டீச்சர். நம்ம பிளாக் நம்பர் போட்டு. நாலு மணிக்குள்ள காலி பண்ணணுமாம்.

மாஹிர்: இப்ப மணி என்ன?

அபு ஹாதிம்: மூணேகால் இருக்கும்.

நுஹா: கீழ ஏன் இவ்வளவு அமைதி? எல்லாரும் போயிட்டாங்களா?

அபு ஹாதிம்: போகல. படியிலதான் உட்கார்ந்திருக்காங்க. தரையிலேர்ந்து அஞ்சாம் மாடி வரைக்கும், மடியில மூட்டையோட. அவங்களைத் தாண்டித்தான் வந்தேன்.

மாஹிர்: ஒரு சத்தமும் இல்லையே.

அபு ஹாதிம்: இங்க பேசுறது கேக்கணும்னு பேசாம இருக்காங்க. ரிஹாப் குழந்தை வாயைப் பொத்தியிருக்கா.

நுஹா: எதைக் கேக்கணும்?

அபு ஹாதிம்: ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாங்க... மாஹிர்.

மாஹிர்: சொல்லுங்க மாமா.

அபு ஹாதிம்: கேமரா எரியுதா?

நுஹா: சொல்லு.

அபு ஹாதிம்: அவசரப்படுத்தாதீங்க டீச்சர். அவனே சொல்லட்டும்.

மாஹிர்: பொட்டு எரியுது மாமா. ஆனா...

அபு ஹாதிம்: ஆனா?

மாஹிர்: யாரும் பார்க்கல. ஒருத்தர்கூட இல்ல. நாற்பத்து மூணு நாளா நான் பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். எல்லாரையும் கிளம்பச் சொல்லுங்க. ஹலீமா அண்ணியை நான் தூக்கிக்கிறேன். திட்டுறதையெல்லாம் அப்புறம் திட்டுங்க, இப்ப கிளம்பச் சொல்லுங்க.

அபு ஹாதிம்: நாற்பத்து நாலு.

மாஹிர்: என்ன?

அபு ஹாதிம்: நாற்பத்து நாலு நாள். முந்தின நாள் அந்தியிலயே போயிடுச்சு. என் பொண்ணு மலேசியாவிலேர்ந்து கூப்பிட்டுச் சொன்னா. அன்னிக்கு ராத்திரியே கட்டடம் பூராத் தெரியும்.

நுஹா: ரிஹாபுக்குமா?

அபு ஹாதிம்: ரிஹாபுக்கும்தான். உங்களுக்கு மட்டும்தான் சொல்லல டீச்சர். நீங்க ஆசையா மாடிக்குப் போறீங்கன்னு...

மாஹிர்: அண்ணிக்கு?

அபு ஹாதிம்: முதல்ல ஹலீமாகிட்டதான் சொன்னேன்.

மாஹிர்: அப்புறம் ஏன் மறுநாள் என்கிட்ட எரியுதான்னு கேட்டாங்க?

அபு ஹாதிம்: அவ கால் வீங்கியிருந்துச்சு தம்பி. உட்கார்றதுக்கு ஒரு சாக்கு கேட்டா. நீ குடுத்தே.

நுஹா: எல்லாருக்கும் தெரிஞ்சும்... இப்ப எதுக்கு உங்களை மறுபடியும் கேக்க அனுப்பினாங்க?

அபு ஹாதிம்: வேற எதுக்கு டீச்சர்... எரியுதுன்னு இவன் சொல்லியிருந்தா, இன்னிக்கும் மூட்டையை அவுத்திருப்போம்.