கிண்ணம் நிறையத் தண்ணீர்

ஐயா, எனக்குச் சுத்தம் முக்கியம். குடிக்கிற தண்ணீரில் ஒரு தூசி மிதந்தாலும் கொட்டிவிட்டு வேறு பிடித்து வைப்பேன். அன்ட்சிராபேயில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பச்சோந்தியிலிருந்து தொடங்குகிறேன். என் மனைவி வோலா, கேரட் பாத்தி கொத்தும்போது மண்ணில் அதன் முட்டைகளைப் பார்த்தாள். பால்பவுடர் டப்பாவில் ஈரமண்ணோடு எடுத்து அடுப்படியில் வைத்தாள். ஒன்றே ஒன்று பொரிந்தது. அரை விரல் நீளம்தான் இருக்கும். எங்கள் வம்சத்தில் பச்சோந்தியைத் தொடக்கூடாது, வீட்டுக்குள் விட்டால் கேடு. அவள் பிறந்த வீட்டில் அந்த விலக்கு கிடையாது.

"உன் முன்னோருங்க வந்து கேட்டா என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன்" என்றாள்.

கண்ணாடிப் பெட்டி புழுங்கும் என்று மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து, உள்ளே கொய்யாக் கிளை நட்டாள். வாழைப்பழத் தோலை அழுகவிட்டுப் பொடி ஈ வளர்த்தாள். பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடத்தைவிடப் பெரிய பூச்சி எதையும் போடமாட்டாள். இருபத்தாறு வருடத்தில் என்னோடு பேசியதைவிட அந்த ஒரு மாதத்தில் அதோடு அதிகம் பேசினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

செப்டம்பரில் அவள் வீட்டாரின் கல்லறை திறப்பு. முன்னோரை வெளியே எடுத்துப் புதுத்துணி சுற்றும் விழாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஐந்து நாள்.

"காலையில, சாயங்காலம் ரெண்டு வேளையும் இலையை நனைச்சு விடு. தேங்கின தண்ணி அதுக்குக் கண்ணுல படாது, சொட்டு விழுந்தாத்தான் நாக்கை நீட்டும். நீ தொடவே வேணாம், வலைக்கு வெளிய நின்னு தெளிச்சாப் போதும். என்ன, காதுல விழுந்துச்சா?"

விழுந்தது. நான் கிண்ணத்தில் வைத்தேன். வெள்ளைப் பீங்கான் கிண்ணம், விளிம்பு வரை. இரண்டு வேளையும் மாற்றினேன். ஈயும் தவறாமல் விட்டேன். மூன்றாம் நாள் அது ஈயைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் கண் உள்ளே போய்விட்டது. ஐந்தாம் நாள் கிண்ணத்தின் பக்கத்திலேயே கிடந்தது. அன்றைக்கும் தண்ணீரை மாற்றினேன்.

வோலா வந்ததும் கொய்யா இலையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். அது நொறுங்கியது.

"கிண்ணம் நிறைய இருக்கே" என்றாள்.

அதன்பின் கிட்டத்தட்ட இரண்டு வருடம் எனக்குச் சமைத்துப் போட்டாள், பேசவில்லை. ஒரே வீட்டில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது ஐயா. எனக்கு மிகவும் வலித்தது.

இந்த ஜூன் மாதம் அடுப்படியில் விழுந்தாள். வாய் பேச வரவில்லை, கை இரண்டும் தூக்க வரவில்லை. ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார் டாக்டர். பக்கத்து வீட்டு பாகுலி உதவிக்கு வந்தாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனாலும் தினமும் ஜன்னலில் வந்து நிற்பாள்.

"தண்ணி குடுக்குறீங்களா அண்ணே?"

"தலைமாட்டுலதாம்மா இருக்கு."

எட்டிப் பார்ப்பாள். டம்ளர் நிறைய இருக்கும். திருப்தியாகப் போய்விடுவாள். அதுவும் வெறும் தண்ணீர் இல்லை. சோற்றுப் பானையின் அடிக்காந்தலில் ஊற்றிக் கொதிக்கவைத்தது, வோலாவுக்கு அதுதான் பிடிக்கும்.

மூன்றாம் நாள் வோலா டம்ளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான்காம் நாள் அவள் கண்ணும் உள்ளே போய்விட்டது. இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்பதால் அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். 'குடிக்க நீர் தராமல்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவள் தலைமாட்டில் அந்த டம்ளர் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.